ஒன்பதாம் பக்கத்தின் வெற்றிடம்

நோரீன் ஆப்பிள்கேட்டின் சட்டகத்துக்கு முன்னால் வந்து நின்ற மூன்றாவது ஆளும் குனிந்து தரையைத் தேடினார். நியூஜெர்சியின் அந்தத் தேவாலயக் கூடத்துக்கு ஆண்டுதோறும் ஸ்டாம்பு பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான். பக்கத்தில் வெற்றிடம் தெரிந்தால் எதுவோ கழன்று விழுந்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

"ஒண்ணும் விழலைங்க. அது அப்படித்தான்," என்றாள் நோரீன்.

அமெரிக்கப் படையின் தொடக்க காலம் முழுவதையும் பதினாறு பக்கங்களில் ஸ்டாம்புகளாக அடுக்கியிருந்தாள். லெக்சிங்டனில் முதல் மோதல், பனியில் டெலவேர் ஆற்றைக் கடந்தது, வேலி ஃபோர்ஜில் மண்டியிட்ட வாஷிங்டன், யார்க்டவுனில் எதிரியின் சரண். ஒன்பதாம் பக்கம் மான்மத் சண்டை. கொளுத்தும் வெயிலில் பீரங்கிக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்தவள், கணவன் சாய்ந்ததும் பீரங்கியைத் தானே இயக்கினாள் என்று சொல்லப்படுகிற மாலி பிட்சருக்கு, 1928-இல் தனி ஸ்டாம்பு அச்சிடவில்லை. வாஷிங்டன் முகம் போட்ட சிவப்பு இரண்டு சென்ட் ஸ்டாம்பின் மேலேயே அவள் பெயரைக் கறுப்பில் அடித்துவிட்டார்கள். நோரீன் அதை ஒரு மூலையில் ஒட்டி, மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

நடுவர் ஹால் பிரிங்கர்ஹாஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வெத்துப் பக்கத்துக்கு மார்க் குறைப்போம்னு போன வருஷமே சொன்னேன். எழுபத்தெட்டுல அவ படத்தோட அஞ்சலட்டை வந்துச்சே, அதை ஒட்டுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் திருத்தலாம். தங்கப் பதக்கம் கிடைச்சா தேசியக் கண்காட்சிக்குப் போகலாம்."

"அது கார்டு. நான் தலைப்புல ஸ்டாம்புன்னுதான் போட்டிருக்கேன்."

"பிடிவாதம்."

"இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்துல லாரி ஓட்டினேன். வேற என்னத்தைக் கத்துக்கிட்டு வந்திருப்பேன்?"

அந்த அஞ்சலட்டை அவள் கைப்பையிலேயே இருந்தது. அவளுடைய படைப்பிரிவு வெளியிட்ட நினைவு மலரில் அவள் பெயருக்கு மேலே இருந்த படத்தில் லாரி மட்டும் நிற்கும், அவள் இல்லை. மூன்று ஆண்டுகளாகத் தேசியக் கண்காட்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். விரல்கள் பையின் கொக்கியைத் தொட்டன, திறக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, சட்டகங்களுக்குப் பொறுப்பான வால்ட் கான்வர் ஸ்க்ரூடிரைவரைச் சுழற்றிக்கொண்டு வந்தான். "திறக்கட்டுமா, சார்ஜென்ட்? இல்ல, இந்த வருஷமும் வெள்ளியை வாங்கி ஷூ பெட்டியில போடப் போறியா?"

"பெட்டியில இன்னும் இடம் இருக்கு. ஸ்க்ரூடிரைவரை உள்ள வை, வால்ட்."

மணி பன்னிரண்டானது. கூடத்தின் அந்தக் கோடியில் நடுவர் ஹால் குறிப்பேட்டை மூடினார்.

குட்டை முடி வைத்த ஒரு பெண் ஒன்பதாம் பக்கத்தின் முன் நின்றாள். முதலில் அவளும் தரையைப் பார்த்தாள். பிறகு மூக்கு சட்டகத்தின் கண்ணாடியில் முட்டும் அளவுக்கு நெருங்கினாள்.

"இந்த ஆள் மூஞ்சி மேல ஒரு பொம்பளை பேரு இருக்கு," என்றாள், திரும்பாமலே. "அவ எங்க?"

அந்தப் பெண்ணின் மூச்சு பட்டு, வெற்றிடத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு முகத்தின் அளவுக்குப் பனித்திருந்தது.