விளக்கு அணைந்தால் போகலாம்

"ஓட்டுனாத்தானுங்க மாமா அணையும்! எத்தன தடவ சொல்றதுங்க?"

"அணஞ்சாத்தான் ஓட்டோணும்ங்க மாப்ள! நானுந்தான் எத்தன தடவ சொல்றதுங்க?"

எங்கள் பக்கத்துச் சண்டையைக் காதால் மட்டும் கேட்டால் விருந்து உபசாரம் என்றுதான் தோன்றும். அத்தனை 'ங்க'. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். துணியை முந்தின நாளே எடுத்தாயிற்று. அது வேறு விஷயம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மாரப்பன் வீடு. முன்னால் வீடு, பின்னால் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட், ஷெட்டைச் சுற்றி வண்டி போகிற அளவுக்கு இடம். கேட்டுக்கு உள்ளே வெள்ளைக் கார் நின்றது. காருக்கு இந்தப் பக்கம் மாரப்பன், அந்தப் பக்கம் சாவியோடு மாப்பிள்ளை தரணீதரன்.

சேவூர்க்காரரான தரணீதரன், மாரப்பனின் ஒரே மகள் ஜனனியைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒன்றரை வருடம் இருக்கும். மாமனாரின் கம்பெனியில் அவருக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. செய்ய வேலைதான் கிடையாது. எங்காவது பஸ்ஸில் போகிறேன் என்றால், "நம்மூட்டு மாப்ள பஸ்ஸுல தொங்கறதா? வீதி என்னங்க பேசும்?" என்பார் மாமியார் ரங்காத்தாள். வாடகைக் கார் என்றால், "கார் நிக்கற ஊட்டுல வாடகக் காரா?" வீதி பேசும்தான். நான் இருக்கிறேனே, பேசாமல் இருக்குமா?

இப்போது அவிநாசிக்கு அப்பால் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருந்தது. அன்று மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாமனார் மறுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "தாராளமாப் போங்க. நம்ம கார்லயே போங்க" என்றார். சாவியைத் திருகியதும் விளக்கு எரிந்தது.

டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சளாக எரிகிற விளக்கு அது; நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. பின்டயரில் உடைந்த நிட்டிங் ஊசி ஏறியிருந்தது. பஞ்சர் ஒட்டி, கம்பெனி கம்ப்ரசரிலேயே காற்றும் பிடித்தாயிற்று. ஆனாலும் விளக்கு அணையவில்லை.

"சக்கரத்துக்குள்ள ஒரு சென்சார் இருக்குதுங்க மாமா. வண்டி நிக்கறப்ப அது தூங்கீரும். கொஞ்சம் வேகமா, கொஞ்ச நேரம் ஓடுனாத்தான் முழிச்சுக்கிட்டு, காத்து சரியா இருக்குதுன்னு சொல்லும். அப்பறந்தான் அணையும். காரோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்குதுங்க."

மாரப்பனுக்கு இது ஏறவில்லை. அவர் அறிந்த விளக்கு நிட்டிங் மிஷின் விளக்கு. நூல் அறுந்தால் மிஷின் தானாக நிற்கும், விளக்கு எரியும். அறுந்த நூலை முடிந்து, விளக்கு அணைந்த பிறகுதான் மிஷினை ஓட விட வேண்டும்.

"எரியற விளக்கோட ஒரு மிஷின ஓட்டுனவனில்லீங்க நானு. ஓட்டுனா துணில ஓட்ட உழுகும். துணின்னா செகண்ட்ஸ்னு கொறஞ்ச வெலைக்கு வித்தரலாம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்கீங்க விக்கறது?"

அதில் அன்பும் இருந்தது. அதுதான் கஷ்டம். வில்லன் என்றால் முறைத்துக்கொண்டு போய்விடலாம்.

"ஓட்டறதுக்கு அணையோணும். அணையறதுக்கு ஓட்டோணும். அப்ப நான் எப்பத்தானுங்க இந்தக் கேட்டத் தாண்டறது?" என்றார் தரணீதரன். அவர் குரல் மதில் தாண்டிக் கேட்டதே அன்றுதான்.

மாரப்பன் யோசித்தார். "ஓடோணும், அவ்வளவுதானுங்க? இதுக்குள்ளயே ஓட்டுங்க. ஆரு வேண்டாங்கறா?"

மாப்பிள்ளை வண்டியில் ஏறி ஷெட்டைச் சுற்ற ஆரம்பித்தார். சைக்கிள் வேகத்தைத் தாண்டினால் மூலையில் இடிக்கும். உள்ளே மிஷின்கள் சுற்றின, வெளியே மாப்பிள்ளை சுற்றினார். வேலையாட்கள் ஜன்னலில் கூடினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாரப்பன் குனிந்து, "எரியுதுங்களா?" என்பார். "எரியுதுங்க" என்பார் மாப்பிள்ளை. ரங்காத்தாள் டம்ளரோடு கூடவே நடந்தார். "தல சுத்திப்போயிரும்ங்க மாப்ள, எறங்கி ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுச் சுத்துங்க."

சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு திருப்பத்தில் அவர் முகம் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, முதல் நாள் வேலைக்குக் கிளம்பியவரின் முகம். அது எங்கும் போகாமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போது ஜனனி வெளியே வந்தாள். அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் வாயே திறக்காதவள். காரை நிறுத்தி முன்சீட்டில் ஏறினாள்.

"எறக்கிக் கூட்டிட்டு வா கண்ணு" என்றார் ரங்காத்தாள்.

கார்க் கண்ணாடி மேலேறியது. உள்ளே என்ன பேசினாளோ, இந்த வீதியில் நான் விசாரித்துக் கண்டுபிடிக்க முடியாமல் போன விஷயம் அது ஒன்றுதான்.

கார் மறுபடி சுற்றத் தொடங்கியபோது நூல் டெம்போ வந்து ஹாரன் அடித்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த வாட்ச்மேன் சுடலை கேட்டைத் திறந்தார். டெம்போ உள்ளே போய் ஷெட்டை ஒட்டி நின்று, சுற்றும் வழியை அடைத்தது. காருக்கு முன்னால் இப்போது திறந்த கேட் மட்டுமே இருந்தது. கார் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு நேராக வீதியில் இறங்கியது.

"சொடலை! கேட்டச் சாத்து!"

"டெம்போ திரும்புத வரைக்கும் தொறந்து கெடக்கட்டும்னு நீங்கதான மொதலாளி சொன்னிய?" என்றார் சுடலை, இடத்தை விட்டு நகராமல்.

கொஞ்ச நேரத்தில் ரங்காத்தாளின் போன் அடித்தது. நல்ல வேளையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, விளக்கு அணஞ்சிருச்சுங்க."

"அணஞ்சிருச்சா?" மாரப்பன் எட்டிப் பேசினார். "அப்ப நல்லதாப் போச்சு. திரும்பி வந்து, காப்பி குடிச்சுட்டு, நெதானமாக் கெளம்பச் சொல்லு!"

அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாராம். இருவரும் சேவூரில் தரணீதரனின் அப்பா வீட்டு மாடி அறைக்குக் குடிபோனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே காரைக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தி, சாவியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, நடந்துபோய் பஸ் ஏறினார். வீதி இரண்டு நாள் பேசியது. அதற்குள் கடைசி வீட்டில் நாய் வாங்கிவிட்டார்கள்.

கார் அங்கேயே நிற்கிறது. நின்ற இடத்திலேயே காற்று இறங்கி விளக்கு மறுபடி எரிகிறது. மாரப்பன் காற்றுப் பிடிக்கிறார், சாவியைத் திருகிப் பார்க்கிறார், அணையட்டும் என்று இறங்கிவிடுகிறார். அணைந்ததும் மகளைப் பார்க்கப் போவாராம். போன மாதம் ஜனனி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. ரங்காத்தாள் விளக்கைப் பார்க்கவில்லை. பெட்டியும் கையுமாகப் பஸ் ஏறி சேவூர் போய்விட்டார். பிரசவம் முடிந்துதான் வருவாராம்.