வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மைல் இன்பம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். யார்க்‌ஷயரில் கீத்லி என்ற ஊரில் எங்கள் தெரு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. எனக்கும் பிக்கர்ஸ்கில் தம்பதிக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். நெவில் பிக்கர்ஸ்கில்லுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நாகரிகமானவன் எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பான். எனக்கு வேறு அறை கிடையாது.

தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

'சிவப்பாக ஒரு கார் இருந்தது. அதற்கு இரண்டே இருக்கைகள், அவற்றில் ஒன்று எப்போதும்—'

(சோகமாகப் போகிறது. நிறுத்து.)

'அறுபத்தேழு வயதில் கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் காரை நெவில் வாங்கியபோது யார்க்‌ஷயர் முழுவதும்—'

(யார்க்‌ஷயர் கண்டுகொள்ளவே இல்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். காருக்கு இன்சூரன்ஸ் செவ்வாய்க்கிழமை இரவோடு முடிகிறது. புதுப்பிக்க நெவில் போன் செய்கிறார்.

2

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மாட்கள் வாழ்க்கையை அறம், பொருள், இன்பம் என்று பிரித்தார்கள். இங்கே இன்சூரன்ஸ்காரர்கள் காரின் வாழ்க்கையைச் சமூகம், இல்லறம், இன்பம் என்று பிரித்திருக்கிறார்கள். வேலைக்கும் போகாமல் கடைக்கும் போகாமல் சும்மா ஆசைக்கு ஓட்டும் கார் என்றால், வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறா, மூவாயிரமா, ஐயாயிரமா? மைல் குறைந்தால் கட்டணமும் குறையும். நடுவில் தீர்ந்துபோனால் ஒரு போன் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

நெவில் போடமாட்டார். கேக் தட்டை நீட்டினால் 'சின்னத் துண்டு போதும்' என்று சொல்லிவிட்டு, பெரிய துண்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. ஐயாயிரம் மைல் இன்பம் வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? போன வருடம் குரலைத் தாழ்த்தி, 'ஆயிரத்து ஐந்நூறு போதும்' என்றார்.

ஜூலையில் தீர்ந்துவிட்டது. வருடத்தில் வெயில் அடிக்கும் நான்கு வாரமும் அப்போதுதான் தொடங்கியது.

3

இந்தப் பகுதியில் எனக்கே நெவில் மேல் சந்தேகம். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? நான் போகும் கதை எழுதும் வகுப்பில் ஒருத்தி படித்துவிட்டு 'நம்பும்படி இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு அக்கம்பக்கம் கிடையாது போலிருக்கிறது.

நடந்தது இதுதான். தினமும் காலையில் நெவில் கொல்லைப்புறத்து ஷெட்டுக்குப் போவார். காரின் போர்வையை விலக்கி, கூரையை மடக்கி, உள்ளே உட்கார்ந்து டீ குடிப்பார். எஞ்சினைத் தொடமாட்டார். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. அவர் மனைவி பெரில் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினாள். கடற்கரை ஊரான மோர்கம்பில் அவள் தங்கை டோரீனின் வீடு இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று நெவில் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். இரண்டு இரவு தூக்கமில்லை. செவ்வாய்க்கிழமை, வேறெதுவும் செய்யத் தோன்றாமல், இன்சூரன்ஸுக்குப் போன் போட்டார்.

4

பிராட்ஃபோர்டிலிருந்து போனை எடுத்த இன்சூரன்ஸ் பெண்ணின் பெயர் சாய்ரா.

"இப்ப மீட்டர்ல எவ்ளோ காட்டுது, கண்ணு?" (இந்தப் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். பாலியல் உள்நோக்கம் தேட வேண்டாம்.)

நெவில் தாளைப் பார்த்துப் படித்தார்.

"அடேங்கப்பா! போன வருஷக் கணக்கக் கழிச்சா ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தாறு. பாக்கி நாலு மைலை ஊறுகா போட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஜூலையிலேயே அவ்வளவு ஆயிடுச்சும்மா. அதுக்கப்புறம் எடுக்கல."

"ஐயோ! இந்த வெயிலுக்கா? அப்ப ரெண்டு மாசமா என்னதான் பண்ணீங்க?"

"சும்மா... ஷெட்டுல, உள்ள உக்காந்துட்டிருந்தேன்."

சமையலறையில் ஒரு கோப்பை மேஜைமேல் டக்கென்று வைக்கப்பட்டது.

"மைல் தீந்துபோச்சா?" பெரிலின் குரல். "அதுக்கா போய் ஷெட்டுல உக்காந்தே?"*

"வேற எதுக்கு?"

"என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்யா! டோரீனுக்குச் சொல்லியாச்சு, பெட்டியும் கட்டியாச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் வேணா லைனைக் கொஞ்சம் ஹோல்டுல போடட்டுமா?" என்றாள் சாய்ரா.

"வேண்டாம்!" இருவரும் சேர்ந்து.

"பக்கத்து சீட்டுல ஃபிளாஸ்க்க உக்கார வெச்சு, அதுக்கு பெல்ட்டும் போட்டுக் கூட்டிட்டுப் போறே. என்னை ஒரு நாள் கூப்பிட்டிருக்கியா?"

"ரொம்பத் தாழ்வான வண்டி. குனிஞ்சு ஏறணும். உன் இடுப்பு—"

"என் இடுப்பு என் பாடு."

போனில் சாய்ரா டைப் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள்.

"டோரீன் வீட்டுக்கு எத்தனை மைல்?" என்றாள் பெரில், கொஞ்சம் தணிந்து.

"நாப்பத்தஞ்சு."

"நாளைக்கு நீயே கொண்டுபோய் விடறியா?"

நெவில் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஏறுகிற ஒவ்வொருவரிடமும், சில்லறையை எண்ணிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்ட ஒரு கேள்வி உண்டு. அதைத்தான் இப்போதும் கேட்டார்.

"போறதுக்கு மட்டுமா? திரும்பி வரவுமா?"

* ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நான்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம். 'நீ' போதும் என்று விட்டுவிட்டேன்.

5

இங்கே என் கெட்டில் கொதித்தது.

பழைய கெட்டில். ரயில் கிளம்புவது போலக் கத்தும். பாய்ந்துபோய் அணைத்துவிட்டுச் சுவரில் காதை வைத்தபோது, அந்தப் பக்கம் பெரில் சொல்லி முடித்திருந்தாள்.

முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'வரவுந்தான், லூசு' என்கிறாள் பெரில், நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு— (நெவில் துடைக்கமாட்டார். ஜலதோஷம் என்பார்.) இன்னொன்றில் அவள் 'பாக்கலாம்' என்றாள். இந்த ஊரில் அதற்குச் சம்மதம் என்றும் பொருள், மாட்டேன் என்றும் பொருள். வாசகரை இப்படிப் படுத்தக் கூடாது. மூன்றாவதில் டோரீன் இங்கே வந்துவிடுகிறாள். காரில் இருப்பது இரண்டே இருக்கை என்பதால் அதையும் கிழித்தேன்.

இன்று புதன்கிழமை. காலையில் பெட்டியை வைக்க இடமில்லாமல் இருவரும் தெருவில் நின்று கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பெரில் மடியில் பெட்டியோடு, தலையில் கட்டிய துணி படபடக்கப் போனாள். மழை தூறியது. கூரையை மூடவில்லை. இதை எழுதும்போது மணி நாலரை. ஷெட் இன்னும் காலியாகத் திறந்தே கிடக்கிறது. டோரீன் டீ கொடுக்காமல் யாரையும் அனுப்புவதில்லை என்று கேள்வி.

கதைக்குள்ளே இன்னும் செவ்வாய்க்கிழமைதான். சாய்ரா லைனில் இருக்கிறாள். "அப்ப எத்தனை மைல்னு போடட்டும், கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். போக மட்டும் என்றால் பழைய எண்ணே தாராளம். வரவும் என்றால், அதன் பிறகு அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, இடுப்பு ஒத்துழைத்தால் கடற்கரை நெடுக... எனக்குக் கணக்கு வராது.

எண்ணை நீங்களே சொல்லிவிடுங்கள். தயவுசெய்து குறைத்துச் சொல்லாதீர்கள்.