மெர்வினின் இடது கன்னம்

மெர்வினின் இடது கன்னத்தில் இருந்த மச்சத்தை இரண்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை நான் எடுத்திருக்கிறேன். எனக்கு மருத்துவப் படிப்பெல்லாம் கிடையாது. படித்தது காட்டாங்குளத்தூர் பக்கம் மெக்கானிக்கல். மச்சம் எடுக்கக் கற்றது மேற்குத் தாம்பரத்தில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில். ஃபோட்டோஷாப்பில் பேண்ட்-எய்ட் படம் போட்ட ஒரு டூல் இருக்கும். பக்கத்தில் நல்ல தோலைக் காட்டிவிட்டு மச்சத்தின் மேல் ஒரு தட்டு. ஆண்டவன் கொடுத்தது அரை விநாடியில் காணாமல் போகும்.

இந்த சிகிச்சைக்குக் காரணம் ஜெரூஷா. பெருங்களத்தூர் சர்ச்சில் கொயரில் பாடுகிறவள். அந்தக் காலத்து ஃபேஸ்புக்கான ஆர்குட்டில் மெர்வின் அனுப்பிய நட்புக் கோரிக்கை நாலு மாதமாக அப்படியே கிடந்தது. அவன் தன் குணம், குரல், குடும்பம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, குற்றமில்லை என்று விடுதலை செய்து, கடைசியில் மச்சத்தைக் கைது செய்தான். ஞாயிறுதோறும் அதே மச்சத்தை அவள் நேரில் பார்க்கிறாளே என்று கேட்டேன். அது ஆஃப்லைன் என்றான்.

மச்சமில்லாத மெர்வின் அதன்பிறகு உலகம் சுற்றினான். முகத்தை ஏற்றினால் பத்திரிகை அட்டையிலும், வெளிநாட்டு விளம்பரப் பலகையிலும், விண்வெளி வீரனின் ஹெல்மெட்டுக்குள்ளும் பொருத்தித் தரும் வெப்சைட்டுகள் அப்போது ஏராளம். நிலவில் இறங்கிய படத்துக்கு நாற்பது பேர் கமெண்ட் போட்டார்கள். ஜெரூஷா போடவில்லை. அவன் சோர்ந்துவிடவில்லை, பழைய படங்களையும் சுத்தம் செய்யச் சொன்னான். கிறிஸ்துமஸ் குடும்பப் படத்தையும் விடவில்லை. அவன் அம்மா ஹில்டா டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, பையன் அன்றைக்குத்தான் ஒழுங்காக முகம் கழுவியிருக்கிறான் என்றார்கள். நானும் ஒரு கலைஞனுக்குரிய தன்னம்பிக்கையோடு, ஒவ்வொரு தடவையும் அசல் படத்தின் மேலேயே சேவ் செய்தேன். மச்சம் இருக்கிற படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்?

யார் என்ன செய்வார்கள் என்பது கடைசி செமஸ்டரில் தெரிந்தது.

மெர்வினுக்கு ஒரே ஒரு அரியர், தெர்மோடைனமிக்ஸ். மூன்றாவது முயற்சி. ஒரு கம்பெனி வேலை கொடுத்திருந்தது. அரியர் இல்லாமல் ஜூலையில் வந்தால் வேலை, இருந்தால் வராதே என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். பையன் உண்மையாகவே படித்தான். அவன் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்தது அந்த மாதம்தான். பரீட்சையன்று அவனுக்குத் துணையாக நானும் போய்க் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்குக் கல்லூரியில் வேலை செய்யும் கங்கம்மாக்கா வந்தார். கேண்டீன் முழுக்க ஒரு பார்வை பார்த்தார்.

“மச்சம் எடுத்த புள்ள யாருப்பா? சாரு இட்டாரச் சொன்னாரு.”

அவ்வளவு பேர் முன்னால் நான் கை தூக்கினேன்.

அந்த சார், தேர்வுக் கண்காணிப்பாளர் தனசிங். போன செமஸ்டரில் ஒருவன் தன் அண்ணனுக்காக உட்கார்ந்து பரீட்சை எழுதிப் பிடிபட்டதிலிருந்து, எந்த மாணவனையும் அவனாகவே அவர் நம்புவதில்லை. எங்கள் ஹால் டிக்கெட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. பள்ளிக்கூட டி.சி.யில் இருக்கும் அங்க அடையாளத்தை அப்படியே எடுத்து அச்சடித்துவிடுவார்கள். மெர்வினுடையதில், இடது கன்னத்தில் ஒரு மச்சம் என்று இருந்தது. அதற்கு நேர் மேலே ஒட்டியிருந்த போட்டோவில் கன்னம் உரித்த முட்டை மாதிரி பளபளத்தது. ஆர்குட்டுக்கு நான் செய்து கொடுத்ததில் மிகவும் அழகானது எதுவோ, அதைத்தான் எட்டு காப்பி பிரிண்ட் போட்டுப் பரீட்சை விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கிறான்.

நான் போனபோது சாரின் அறையில் மெர்வின் ஒரு கன்னம் சிவந்து நின்றிருந்தான். அடிக்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்ய வந்தவன் மையால் வைத்துக்கொண்ட மச்சமாக இருக்கலாம் என்று சார் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். மச்சம் தேர்வு விதிகளுக்குக் கட்டுப்பட்டு அங்கேயே இருந்தது.

சார் தன் சந்தேகத்தை வரிசையாக விளக்கினார். முகமும் டி.சி.யும் ஒத்துப்போகின்றன. டி.சி.யும் போட்டோவும் ஒத்துப்போகவில்லை. ஆகவே மெர்வின் என்பவன் போட்டோவில் இருப்பவன்; எதிரில் நிற்பவன் அவனுடைய மச்சத்தை மட்டும் வாங்கி வந்தவன். நான்தான் அழித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் மச்சத்தோடு ஒரு பழைய போட்டோ காட்டு, விட்டுவிடுகிறேன் என்றார்.

நியாயமான கோரிக்கை. ஆனால் கிறிஸ்துமஸ், டூர், கல்ச்சுரல்ஸ், நிலவு, எல்லா இடத்திலும் நான் முந்தியிருந்தேன். சின்ன வயது ஆல்பம் தாம்பரத்தில், பூட்டிய வீட்டில். ஹில்டா டீச்சர் பள்ளிக்கூடத்தில். ரயிலில் போய் எடுத்து வருவதற்குள் விடைத்தாளைக் கட்டிவிடுவார்கள். மணி பத்தே முக்கால். மெர்வின் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆர்குட்டில் வேறு யாராவது போட்ட படம் இருக்கலாம் என்றேன். கல்லூரி முழுக்க ஆர்குட்டுக்குத் தடை. சார் அறையில் மட்டும் இல்லை. தடை போட்டவரே அவர்தான். நல்ல காரியத்துக்கு என்று முகவரியை அடித்தார். பாஸ்வேர்டு கேட்காமலே பக்கம் திறந்தது. அவருடைய சொந்தப் பக்கம்.

பனிமலை. அதன் முன்னால் தோல் ஜாக்கெட்டில் ஒருவர். தோள்கள் எந்த நாட்டுக்காரருடையவையோ. முகம் தனசிங் சாருடையது. தலை நிறைய முடி. எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குக் காதுக்கு மேலே மட்டும்தான் முடி. அந்த வெப்சைட் எனக்குத் தெரியும். கழுத்தோரத்தில் வெட்டின வெள்ளைக் கோட்டை அவர்களால் ஒருபோதும் மறைக்க முடிந்ததில்லை.

நான் பார்வையைக் கீபோர்டுக்கு இறக்கினேன். எனக்கு இன்னும் நாலு இன்டர்னல் மார்க் வர வேண்டியிருந்தது. மெர்வினுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை. படத்தையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், இதுல இருக்கறதும் நீங்கதானே?”

கேலியே இல்லை. சந்தேகம் கேட்கிற மாணவனின் குரல்தான்.

சார் மானிட்டரை அணைத்தார். நனைந்த கைக்குட்டையை நாலாக மடித்தார்.

“போய் எழுது” என்றார்.

மெர்வின் ஓடினான். கண்டிப்புக்குப் பெயர்போன மனிதர், சும்மா விட்டதாக இருக்கக் கூடாது அல்லவா? என்னிடம் ஒரு உறுதிமொழிக் கடிதம் கேட்டார். வெள்ளைத்தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மேற்படி மாணவரின் இடது கன்னத்தில் உள்ள மச்சம் அவருடைய சொந்த மச்சம் என்றும், அதைப் போட்டோவிலிருந்து நீக்கியவன் நானே என்றும், இனி கல்லூரி தொடர்பான எந்த மச்சத்திலும் தலையிட மாட்டேன் என்றும். முதாசிர், நான்காம் ஆண்டு, மெக்கானிக்கல். சார் பச்சை மையில் கையெழுத்திட்டு, அதன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்.

கதவு வரை போனேன். கூப்பிட்டார். மானிட்டரை மறுபடி போட்டு, கழுத்தோரத்து வெள்ளைக் கோட்டை விரலால் காட்டினார். அரை விநாடி வேலைதான் சார் என்றேன்.

பாஸுக்கு ஐம்பது வேண்டும். மெர்வின் ஐம்பத்திரண்டு மார்க் எடுத்தான்.