நூற்றெண்பதாவது அடி

நூற்றெண்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டபோது, தையல்காரியின் அண்ணன் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம் போல ஆனது.

“நிறுத்திடலாங்களா?” என்றார், அவள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட வந்திருந்த போர் வண்டிக்காரர். “ஒன்றரை இஞ்ச் தண்ணி. ஒரு வீட்டுக்குத் தாராளம்.”

தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆழம் போகப் போக அடிக்கூலியும் ஏறும். இங்கே நிறுத்தினால் மிச்சப் பணத்தில் மோட்டார் வாங்கலாம். இன்னும் போனால் மோட்டாருக்காகத் தையல் மெஷினை விற்க வேண்டியதுதான்.

“நிறுத்தறதா?” என்றார் அண்ணன். “எங்க குடும்பத்துல எவனும் ஐநூறு அடிக்குக் குறைஞ்சு போட்டதில்ல.”

குடிநீர் அலுவலகத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். நிலத்தடி ஞானம் முழுவதும் அந்த மை வழியாகத் தமக்குள் ஊறிவிட்டதாக நம்பிக்கை. அந்தத் தெருவில் மனிதரின் தகுதியே போரின் ஆழம்தான். அண்ணன் வீட்டில் எழுநூறு அடி. அது தரும் தண்ணீரில் காக்காய்கூடக் குளிக்காது. ஆனாலும் எழுநூறு எழுநூறுதானே.

“இது மேல் தண்ணிம்மா. கோடையில கைவிட்டுடும்.”

“பக்கத்து வீட்ல நூத்தி எழுபதுதாண்ணா. பத்து வருஷமா வத்தல.”

“பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது. நீ உள்ள போ. நீங்க அடுத்த குழாய மாட்டுங்க.”

வண்டிக்காரர் ஒரு முறை கேட்டதே மரியாதைக்கு. கரும்பு தின்னக் கூலி கொடுத்தால் யாருக்குக் கசக்கும்?

தையல்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. நேராகப் போய், அடுக்கியிருந்த இரும்புக் குழாய்களின் மேல், சேறும் கிரீஸும் பாராமல் உட்கார்ந்தாள்.

“எந்திரிம்மா. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். ஊரான் சட்டைக்கெல்லாம் பட்டன் தச்சுச் சேத்த காசு இது. உங்க கௌரவத்த எதுக்கு என் குழியில இறக்கறீங்க? ஆழம் வேணும்னா உங்க வீட்லயே இன்னும் தோண்டுங்க. பூமிக்கு அந்தப் பக்கம் யாராச்சும் குடியிருந்தா ஒரு குடம் கேட்டு வாங்கிக்கலாம்.”

வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பில்லு யாரு பேர்லங்க?”

“என் பேர்ல.”

இஞ்சின் நின்றது.

அண்ணன் சட்டையில் தெறித்த சேற்றைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரர் மதில்மேல் கையூன்றிக் காத்திருந்தார். “எத்தன அடி சார்?”

“அறுநூத்தி இருபது,” என்றார் அண்ணன், கண் இமைக்காமல். “கடைசி வரைக்கும் நான்தான் கூட நின்னேன்.”

தையல்காரி எழுந்திருக்கவில்லை. சொன்ன வாய்க்கு மதிப்பு வேண்டுமென்று மனிதர் திரும்பி வந்து மீதி அடியையும் தோண்டச் சொன்னாலும் சொல்வார். அவர் தலை தெருமுனையில் மறையும்வரை குழாயை விட்டு அவள் நகரவே இல்லை.