நிறமில்லாத துப்பாக்கி

காலை பத்து நாற்பதுக்குச் சுதன் முடிவைச் சொன்னான். ஆட்டம் பதினோரு மணிக்கு. இன்றைக்கு யாரும் ஸ்கின் போடக்கூடாது. மூன்று பேருக்கும் சாதாத் துப்பாக்கி.

ரெனிஷா கட்டன்சாயாக் கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். பாதி மீதி இருந்தது.

களியக்காவிளையில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் எதிரெதிராக மூன்று மூன்று கணினிகள் வைத்திருந்தார்கள். கீழே கேரள எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி பாறசாலைப் பையன்கள். ஜெயிக்கிற அணி கொச்சிக்குப் போகும். அங்கேயே மூன்று மாதம் தங்கிப் பயிற்சி. இரண்டு வருடமாக அவரவர் வீட்டில் இருந்தபடி ஆடித் தீர்த்ததெல்லாம் இந்த ஒரு காலைக்காகத்தான்.

சுதன் காரணமில்லாமல் பேசுகிறவன் அல்ல. இருபத்தாறு வயது, மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை, அணிக்குத் தலைவன். பாறசாலைக்காரர்களின் பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்திருந்தான். அவர்கள் ஆளைத் தேடுவதில்லை, குண்டு விடுகிற கோட்டைத் தேடுகிறார்கள் என்றான். ஸ்கின் என்பது துப்பாக்கிக்கு மேல் போர்த்துகிற அலங்காரம். அதனால் சுடும் வலு கூடாது, குறையாது. ஆனால் ஸ்கின் போட்ட துப்பாக்கி சுட்டால், குண்டு போன வழியில் அதன் நிறத்தில் ஒரு கோடு ஒரு நொடி நிற்கும். புகைக்குள் ஒளிந்து நின்று சுட்டாலும் கோட்டின் அடியைப் பிடித்து ஆளை எடுத்துவிடலாம். சாதாத் துப்பாக்கி கோடு விடாது.

"அழகெல்லாம் கொச்சியில போய்ப் பாத்துக்கிடலாம்," என்றான்.

ஸ்மைலின் சிரித்தான். அணியின் மூன்றாவது ஆள். ரெனிஷாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். "மூணு மாசம் தேடி எடுத்த கலராக்கும் அண்ணா. கல்யாணச் சேலைக்குக்கூட ஆளுவ இவ்வளவு கடை ஏற மாட்டாவ."

மூன்று மாதம் என்பது உண்மை. இந்த விளையாட்டில் அணிக்கு ஒரே பணப்பை. ஒருவரே மூவருக்கும் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாம். வாங்கினவருடைய ஸ்கின்னோடுதான் அது அடுத்தவர் கைக்குப் போகும். முதல் நாளிலிருந்தே அந்த வேலையை ரெனிஷா கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு விளையாட்டுக்குள் இருக்கும் பயிற்சி மைதானத்தில் தனியாக நின்று ஒவ்வொரு ஸ்கின்னையும் சுட்டுப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில், கறுப்புச் சுவரில், புகையில். மயில்கழுத்து நிறம் ஒன்று இருந்தது. பார்த்தால் கண்ணை எடுக்கத் தோன்றாது. ஆனால் சாயங்கால வானத்தில் அதன் கோடு கரைந்துபோனது. பொன்னிறம் மணலில் தெரியவில்லை. கடைசியில் சுதனின் நெடுந்துப்பாக்கிக்குச் செம்பருத்திச் சிவப்பு, ஸ்மைலினின் குட்டைத் துப்பாக்கிக்குக் கிளிப்பச்சை, தனக்கு வெள்ளை என்று எடுத்தாள். பெண்பிள்ளை அழகு பார்க்கிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு இடது காது கேட்காது.

ஏழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்தது. வீக்கம் வற்றியது, காது திரும்பவில்லை. நெய்யூரில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பே போய்விட்டது, மிஷின் வைத்தும் பயனில்லை என்றார். பதினான்கு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தபோது, குழுவை நடத்தியவரிடம் அவளே போய்ச் சொன்னாள். மறைக்க அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை வந்தது. யாரும் திட்டவில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக் கணினியில் இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கி வலது காதுக்கு அனுப்பும் வசதி இருந்தது. எந்தத் திசை என்று தெரியாது. சத்தம் இருக்கிறது என்றாவது தெரியும். ஆட்டத்தில் இடப்பக்கம் அவள் காவல்; ஒன்றும் கேட்காவிட்டால் ஆளில்லை என்பாள், மற்ற இருவரும் அதை நம்பி ஓடுவார்கள். வெடிச் சத்தம் கேட்ட நொடியில் சிவப்புக் கோடு தெரிந்தால் சுதன். பச்சை என்றால் ஸ்மைலின். இந்த இரண்டு கோடும் இல்லையென்றால் எதிரி. மற்றவர்கள் காதால் பிரித்ததை அவள் கண்ணால் பிரித்தாள். இங்கே கணினிகள் போட்டி நடத்துகிறவர்களுடையவை. சத்த அமைப்பில் கை வைக்கக்கூடாது என்று விதித்தாளில் போட்டிருந்தது. இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கே போகும். நிறங்களை மட்டும் நம்பித்தான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

சுதனுக்கு மட்டுமாவது சிவப்பு இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தாள். எதற்கு என்றான் அவன். ராசி என்றாள். வேறெதுவும் வாயில் வரவில்லை. அவன் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, ராசியை நம்பியா இரண்டு வருடம் தூக்கம் கெட்டோம் என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

முன்வரிசையில் சிஜின் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். அணியின் நான்காவது பெயர். பாதி ஆட்டம் முடிந்ததும் ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்காக எழுதிக் கொடுத்த பெயர். சுமாராகச் சுடுவான். இரண்டு காதும் கேட்கும்.

மேடையில் இடது ஓரத்து நாற்காலியை ரெனிஷா முன்னமே பிடித்திருந்தாள். அப்படியென்றால் மற்ற இருவரும் அவளுக்கு வலப்பக்கம். பத்து ஐம்பத்தேழுக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் திரை வந்தது. மேலே கடிகாரம் மூன்று நிமிடத்திலிருந்து இறங்கியது. நெடுந்துப்பாக்கியைத் தொட்டாள். ஸ்கின்கள் வரிசையாக விரிந்தன. செம்பருத்திச் சிவப்பின் மேல் அம்புக்குறியை நிறுத்தினாள். அழுத்தினால் முதல் குண்டிலேயே சுதனுக்குத் தெரிந்துவிடும். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவளுக்கு அவனைக் காட்டுகிற அதே கோடு பாறசாலைக்காரனுக்கும் அவனைக் காட்டும்.

பதினெட்டு நொடி இருந்தபோது மூன்றுக்கும் சாதாத் துப்பாக்கியின் சாம்பல் நிறத்தை அழுத்தினாள்.

முதல் இரண்டு சுற்றில் எதிரிகள் நேரே வந்தார்கள். இரண்டையும் ஜெயித்தார்கள். மூன்றாவதில் ஒருவன் இடப்பக்கமாக ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்று சுட்டான். ஓடி வந்த சத்தம் மண்டபத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவளுக்குக் குண்டு பட்டுத் திரை சிவந்த பிறகுதான் தெரிந்தது. நான்காவதிலும் அப்படியே. ஐந்தாவதில் பாறசாலைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் இடப்பக்கம் திறந்து கிடக்கிறது என்பது தெரிந்தால் போதும். பிறகு எல்லோரும் அந்த வழியாகவே வந்தார்கள்.

ஹெட்செட்டில் சுதன் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினான். அது கத்துவதைவிட மோசம். எடத்த பக்கம் பாரு, எடத்த பக்கம் பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்ற சுற்றில் நேரே வந்து சுட்டார்கள்.

ஒன்பதாவது சுற்றில் புகை போட்டிருந்தார்கள். வெடிச் சத்தம் வந்தது. புகைக்குள் ஓர் உருவம் அசைந்தது. கோடு இல்லை. இரண்டு வருடத்துப் பழக்கம் விரலில் இருந்தது. கோடு இல்லையென்றால் எதிரி. சுட்டாள்.

விழுந்தது ஸ்மைலின். இந்த விளையாட்டில் கூட்டாளி மேல் பட்டாலும் குண்டு குண்டுதான். கீழே ஒரு பக்கம் முழுக்கச் சிரித்தது. ஸ்மைலின் வாய் திறந்து அவளைப் பார்த்தான். கேலியாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

பாதி ஆட்டம் மூன்றுக்கு ஒன்பது என்று முடிந்தது. பதின்மூன்றை முதலில் தொடுகிறவர்களுக்கு ஜெயம். இடைவேளை ஐந்து நிமிடம்.

சுதன் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அவளிடம் வந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். ஹெட்செட் சரியில்லை என்றாள் ரெனிஷா. சொன்ன வேகம் அவளுக்கே பயமாக இருந்தது. சுதன் உடனே கையைத் தூக்கினான்.

வந்தவர் குமாரதாஸ். மண்டபத்தின் மைக்செட்காரர், முப்பது வருடமாக இந்த மேடையில் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வைக்கிறவர். இன்றைக்கு இந்தச் சத்தமும் அவர் பொறுப்பு. புது ஹெட்செட் ஒன்றைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டி, வயரைத் தன் கையிலிருந்த சின்னப் பெட்டியில் சொருகினார். வலத்ததைப் போட்டார். கூவென்று ஒரு சத்தம். கேட்குது என்றாள். பிறகு பெட்டிமேல் குனிந்து, இடத்தது கேட்குதா என்றார்.

"கேக்குது," என்றாள் ரெனிஷா.

"நான் இன்னும் போடல்லியே பிள்ளே." அவர் குற்றமாகச் சொல்லவில்லை. "பாட்டு போடுயதுக்கு முன்னால கேட்டா, கல்யாண வீட்டுல பாதி ஆளு கேக்குதுன்னுதான் சொல்லும். எங்கிட்டயா?" சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். பெட்டியில் முள் ஆடியது. ரெனிஷா முள்ளைப் பார்த்துக் கேட்குது என்றாள். அவர் திருப்தியாக வயரைக் கணினியில் சொருகிவிட்டுப் போனார்.

சுதன் போகவில்லை. அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். துப்பாக்கித் திரை மறுபடி வந்திருந்தது. கடிகாரம் மூன்று நிமிடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. வரிசையைப் பார்த்தபடி இருந்தாள். சாம்பல், பொன், மயில்கழுத்து, சிவப்பு.

தற்செயலாக ஸ்மைலினின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவள் தலைக்கு மேலே யாரையோ பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஏட்டி," என்றான். "அண்ணன் ஒன்ன மூணு வட்டம் விளிச்சாச்சு."

திரும்பினாள். அவளைக் கூப்பிட்ட சுதன் அவளுடைய இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

அவள் சொன்னாள். இரண்டு நிமிடத்துக்குள் சொல்லக்கூடியதை எல்லாம் சொன்னாள். காது, வீட்டுக் கணினி, சிவப்பு எதற்கு, பச்சை எதற்கு. புத்தகம் எடுத்துக் கொடுத்ததைச் சொல்லவில்லை. ஸ்மைலின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேலை என்று கேலி செய்தவன் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுதன் கீழே பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே காத்திருந்ததுபோல் சிஜின் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான். நடுவர் மேடை ஓரத்துக்கு வந்து, ஆள் மாற்றமா என்று கேட்டார். சுதன் ஒரு கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னான். எதிரே பாறசாலைப் பையன்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள்.

நாற்பது நொடி. சிவப்பைப் போட்டால் அவர்கள் சுதனைப் பார்ப்பார்கள். போடாவிட்டால் அவள் யாரையும் பார்க்க மாட்டாள். ரெனிஷா சிவப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அழுத்தவில்லை. இந்த முறை அவனைக் கேட்காமல் அழுத்தக்கூடாது.

சுதன் அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து குனிந்தான். கோபம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினாள். தெரியவில்லை. கடிகாரத்தில் பத்தொன்பது இருந்தது.

"ரெண்டு வருசமா எடத்த பக்கம் ஆளில்லன்னு நீ சொல்லுவ, நாங்க திரும்பிப் பாக்காம ஓடுவோம்," என்றான். "இனி நீ ஆளில்லன்னு சொன்னா, நான் ஓடணுமா, நிக்கணுமா?"