நட்சத்திரம் தின்னும் இறால்கள்

பல் டாக்டருக்கு வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு தூசி தெரிந்தாலும் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் ஆசையாக வாங்கி வந்த உயிருள்ள பச்சைப் பவளத்தோடு, டிக்கெட் எடுக்காத பயணிகளாக வந்து சேர்ந்தன குட்டி நட்சத்திர மீன்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. அவை பாட்டுக்குக் கண்ணாடியில் ஒட்டிப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. பவளம் ஓரத்தில் வெளுத்ததும் டாக்டர் பழியை அவற்றின் மேல் போட்டார்.

"பவளம் செத்த இடத்துலதாங்க அதுங்க உக்காந்திருக்கு. சும்மா விடுங்க," என்றாள் மனைவி.

விடுவாரா? பல்லில் காரை சுரண்டும் கொக்கியால் சுரண்டினார். பிய்ந்து விழுந்த கால் ஒவ்வொன்றும் புது நட்சத்திரமாக வளர்ந்தது. வைத்தியர் கைராசி அப்படி.

கடைக்காரர் ஒரு ஜோடிப் புள்ளி இறாலைக் கொடுத்தார். "இது நட்சத்திர மீனை மட்டும்தான் சார் திங்கும்," என்று இரண்டு தடவை சொன்னார். அந்த 'மட்டும்' டாக்டர் மண்டையில் ஏறவில்லை.

தொட்டி பளிச்சென்று ஆனது. விருந்துக்கு வந்த சகலையிடம் டாக்டர் அளந்து தள்ளினார். "உங்க தொட்டியும் நட்சத்திரமா நாறுதே. ஒரு ஜோடி வாங்கி விடுங்க." சகலை தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

பவளம் அப்படியும் செத்தது. விளக்கு வெளிச்சம் அதிகமாம். இறால்களோ பட்டினி. எது போட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே போனாலும் சேர்ந்தே திரியும் அந்த ஜோடியின் மேல் மனைவிக்கு உயிர்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின ஆளு நீங்க. இதுங்க செத்துச்சுன்னா தொட்டியே இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் டாக்டர் சட்டையை மாட்டினார். ஊரில் நட்சத்திரம் மண்டிக் கிடப்பது சகலை தொட்டியில்தான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, மூடி போட்ட டப்பாவோடு போய் மணியடித்தார்.

கதவைத் திறந்த சகலை முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சகலை, உங்களுக்கு நூறு ஆயுசு! நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒண்ணுகூட மிச்சமில்ல. இப்ப இறால்தான் பட்டினி கிடக்குது. உங்க தொட்டியில நாலு நட்சத்திரம் இருக்குமா?"

டாக்டர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இருந்துச்சு சகலை," என்றார்.