பாதி மாத்திரை

உமாராணியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை வரும். நாள் முழுக்க உப்பளத்து வெயிலில் நிற்கிறவள், இரண்டு வருடமாக மெஷினில் நூற்று முப்பதைத் தாண்டியதே இல்லை. "ஒனக்கு ஒண்ணுமில்லக்கா, நார்மல்" என்று எழுதிவிட்டு, அவள் புருஷன் காசிலிங்கத்துக்கு மட்டும் இரண்டு மாத மாத்திரையைக் கொடுப்பேன். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து இலவச மாத்திரை கொடுப்பது என் வேலை.

போன மாதம் காசிலிங்கம் உப்புப் பாத்தியிலேயே விழுந்து செத்தார். மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய மாத்திரைப் பதிவு அட்டையைத் திருப்பி வாங்கப் போனேன். உமாராணி தரவில்லை.

"அவுக மாத்திரைய எனக்குக் குடுங்க நர்சம்மா."

"செத்தவர் பேர்ல எப்படிக்கா தர? ஒனக்குத்தான் பிரஷரே கெடையாதே."

"உண்டும்மா, முந்தியே ஒரு கேம்ப்ல பாத்துச் சொன்னாவ. ஆளுக்குப் பாதியா முறிச்சுப் போட்டோம். நீங்க வார அன்னைக்கு மட்டும் நான் முழுசு போடுவேன். ஏறிக் கெடந்தா ஏசுவியல்லா? வெசயம் தெரிஞ்சா அவுகளுக்கும் நிப்பாட்டிருவியளோன்னு பயம்."

பேரை எழுதினால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவேன், அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், கடையில் வாங்கக் கட்டாது என்று வேறு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை இத்தனை நாள் முட்டாளாக்கியிருக்கிறாளே! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "அண்ணாச்சியக் கொன்னதே நீதான்" என்றுகூடச் சொன்னேன்.

"மெஷின்ல ஏறுனாத்தான் ஒம்பேர எழுத முடியும்" என்று, மிச்ச மாத்திரை கிடந்த டப்பாவைப் பிடுங்கிப் பையில் போட்டேன். "ஒரு வாரம் எதையும் போடாத. செவ்வாக்கெழம வாரேன்."

அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். கோபத்தில் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போகாமல், முகம் கழுவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கையை வலது கையால் தூக்கி என் மடியில் வைத்தாள். பட்டை இறுகியது. இருநூற்றுப் பத்து. மறுபடி பார்த்தேன். அதே இருநூற்றுப் பத்து.

"ஏறிட்டாம்மா?" நாக்குக் குழறியது.

"ஏறிட்டுக்கா."

"அப்பம்... எம்பேர எழுதுங்க."

பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரிச் சிரித்தாள். உதட்டின் ஒரு பக்கம்தான் மேலே போனது. மறுபக்கம் அப்படியே தொங்கிக் கிடந்தது, அதன் வழியாக எச்சில் இறங்கி எழுத எடுத்த என் பேனாவின் மேல் விழுந்தது.